பெண்கள் பக்கம்

மகளைக் காணோம் என்று அழுதுகொண்டு வந்து நிற்கிற தகப்பனைப் பார்த்து ஒருத்தன் பொறாமைப்படுவானா என்று கேட்டால், சேச்சே என்றுதான் நீங்களும் சொல்லுவீர்கள், நானும் சொல்லுவேன். கடற்கரை என்ற ஒருத்தன் பட்டான். வயிறு எரிய, காது மடல் சுடப் பட்டான்.

திங்கட்கிழமை காலை. தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவனுடைய பிளக்ஸ் கடை. ஷட்டரைத் தூக்க வந்தவனுக்கு வாசலில் கால் வைக்க இடமில்லை. வியாபாரிகள் சங்கத்து ஆட்கள், சர்ச் வாலிபர்கள், உள்ளூர் சேனல்காரன் ஒருவன் கேமராவோடு. நடுவில் எபனேசர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றான். ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருப்பவன். கடற்கரையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். முந்தின நாள் குற்றாலம் பேரருவியில் அவனுடைய ஆறு வயது மகள் பெர்சிஸ் காணாமல் போயிருந்தாள்.

“போஸ்டர் அடிக்கணும்லே,” என்றான் எபனேசர். “இது எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியும். வேற யார்ட்டப் போவேன்?”

தெரியும். நாலு சீசனுக்கு முன்னால் அதே பேரருவியில்தான் கடற்கரையின் மகள் மீனா போனாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது.

போன விதமும் ஒன்றேதான். அருவியில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு, நடுவில் கம்பி. தாயோடு வந்த பெண்பிள்ளைக்குச் சிக்கல் இல்லை. தகப்பன் மட்டும் கூட்டிவந்தால்தான் பாடு. எண்ணெயும் வழுக்கலுமாக முட்டி மோதுகிற அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவே சின்னப் பெண்ணை எப்படிக் கொண்டுபோவது? அதனால் அவன் கம்பி ஓரத்தில் நின்று, முகத்தில் கொஞ்சம் தாய்மை தெரிகிற ஒரு பெண்ணாகப் பார்த்து, “அக்கா, பிள்ளையக் கொஞ்சம் நனைச்சுக் கூட்டியாங்க” என்பான். அவளும் “கொண்டாங்க” என்று கையை நீட்டி வாங்கிக்கொள்வாள். யார், எந்த ஊர் என்று எவனும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் இதை யாரும் தப்பென்று நினைத்ததும் இல்லை. கொடுத்த பிள்ளை தலை சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டு திரும்பி வந்துவிடும். ஆயிரம் தடவை வந்துவிடும்.

மீனா வரவில்லை. அவளைக் கொடுத்த அன்று கடற்கரையின் மனைவி ஆவுடைத்தாய் காய்ச்சலில் கிடந்தாள். கொடுத்த கொஞ்ச நேரத்தில் தண்ணீர் திடுமென்று பெருகிச் செம்மண் நிறமாக இறங்கியது. போலீஸ் விசில் அடித்து எல்லாரையும் வெளியே தள்ளினார்கள். தள்ளுமுள்ளு அடங்கியபோது அந்தப் பெண்ணும் இல்லை, மீனாவும் இல்லை.

தண்ணீரில் போயிருக்கும் என்று முடிவு கட்டினார்கள். கயிறோடு வந்த இரண்டு பேர் பாறை இடுக்கெல்லாம் பொழுது சாயும்வரை பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். பிள்ளையை வாங்கியவளுக்கு வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தீக்காயத் தழும்பு இருந்தது என்று கடற்கரை கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னான். கேட்டுக்கொண்டார்கள். “அந்தம்மாவும் சேர்ந்து போயிருக்கும்யா” என்றார் ஒருவர், ஆறுதலாகத்தான். சொந்தக்காரர்கள் படத்துக்கு மாலை போடச் சொன்னார்கள். ஆவுடைத்தாய் மாலையை வாங்கித் தெருவில் எறிந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்த நாளைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஏன் கொடுத்தாய் என்று ஒரு தடவையாவது கேட்டிருந்தால் கடற்கரைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது சொல்லுங்கள், எபனேசரைப் பார்த்து அவனுக்கு எப்படி இருக்கும்? பெர்சிஸ் போன அன்று அருவியில் தண்ணீர் மட்டாக விழுந்தது. அதனால் ‘காணவில்லை’ என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ட்ரோன் பறக்கிறது, பஸ் ஸ்டாண்டில் சோதனை, சர்ச்சில் விடிய விடிய ஜெபம், ஒவ்வொரு வாட்ஸ்அப் குரூப்பிலும் அந்தப் பிள்ளையின் முகம். கொஞ்சம் தண்ணீர் கூடியிருந்தால் இவனுக்கும் இரண்டு ஆளும் ஒரு கயிறும்தானே. துக்கத்தில்கூட இவனுக்குப் பெரிய இலையாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தான் கடற்கரை.

“எப்படிலே நடந்தது?” என்று கேட்டான், தெரிந்துகொண்டே.

“பொன்செல்விக்குப் பிரசவம் ஆகி ஒரு மாசந்தான ஆகுது. பிள்ள அருவி அருவின்னு நச்சரிச்சா. சர்ச் முடிஞ்சு நானே கூட்டிட்டுப் போனேன். கம்பிப் பக்கம் ஒரு அம்மாட்டக் குடுத்தேன்.” எபனேசர் மூக்கை உறிஞ்சினான். “நல்ல மனுசி மாதிரி இருந்தா. நைட்டி, ஈரத்தல, கையில துண்ட சுத்தியிருந்தா. அங்கன நிக்கவ எல்லாரும் அப்படித்தான இருக்காவ. போலீஸ்ல அடையாளம் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

கையில் துண்டைச் சுற்றியிருந்தாள் என்றதும் கடற்கரைக்கு முதுகில் எறும்பு ஊர்ந்தது.

போஸ்டருக்குப் படம் வேண்டும். எபனேசர் தன் போனிலிருந்து கடைசியாக எடுத்த படத்தை அனுப்பினான். அருவிக்குப் போகிற வழியில், நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டோடு பெர்சிஸ் நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்கிறாள். பின்னால் ஜனம். கடற்கரை படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். பிள்ளையின் தோளுக்குப் பின்னால், முகம் திருப்பி நிற்கிற ஒரு பெண். துண்டு அப்போது அவள் தோளில் கிடந்தது. வலது கை வெளியே தெரிந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

அவன் கை மவுஸில் அப்படியே நின்றுவிட்டது. மீனா தண்ணீரில் போகவில்லை. நாலு வருஷமாக உள்ளே அடைத்துக்கொண்டு நின்ற ஏதோ ஒன்று சரிந்து விழுந்தது. கத்த வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் எபனேசர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மகளின் நாக்கு மட்டும்தான்.

அந்தப் பெண்ணின் தோளில் ஒரு வயலட் பை தொங்கியது. தாம்பூலப் பை. மஞ்சளில் அடிப்பார்கள், சிவப்பில் அடிப்பார்கள்; கல்யாணத்துக்கு வயலட் பை கேட்ட மனுஷனைக் கடற்கரை தன் வாழ்நாளில் ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறான். புளியறை செக்போஸ்ட் பக்கம் பரோட்டாக் கடை வைத்திருக்கிற வேல்சாமி அண்ணாச்சி. மகளுக்குப் பிடித்த கலர் என்று ஒற்றைக்காலில் நின்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அடித்துக் கொடுத்தது இவன்தான்.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனுஷன் என்ன செய்வான்? எபனேசரின் தோளைத் தொட்டு, லே, இவதாம்லே, இவளே என் பிள்ளையையும் தூக்கினவ என்று சொல்லுவான். கடற்கரையும் கெட்டவன் இல்லை. சொல்லத்தான் வாயெடுத்தான். அப்போது வாசலிலிருந்து யாரோ, “அண்ணே, சேனல்ல நம்ம நியூஸ்தான் ஓடுது” என்று போனை நீட்ட, கூட்டம் மொத்தமும் அதில் கவிழ்ந்தது. கடற்கரைக்குத் திறந்த வாய் மூடிக்கொண்டது. சொன்னால் என்ன ஆகும்? ஊரே புளியறைக்கு ஓடும். பெர்சிஸ் கிடைப்பாள். மாலை போடுவார்கள், ஸ்தோத்திரம் சொல்லுவார்கள். அதோடு கேஸ் முடிந்தது. மீனாவா, அந்தப் பிள்ளை தண்ணீரில் போனதுதானே என்பார்கள். இவள் எனக்கு வேண்டும். முதலில் எனக்கு. என் பிள்ளை நாலு வருஷமாக வரிசையில் நிற்கிறாள், நேற்று வந்தவன் முன்னால் போகக் கூடாது.

இன்னொன்றும் இருந்தது. அதை அவன் தனக்கே சொல்லிக்கொள்ள மாட்டான், நான் சொல்லிவிடுகிறேன். இன்னும் ஒரே ஒரு ராத்திரி இவனும் தூங்காமல் கிடக்கட்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது.

பெர்சிஸின் முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டான். கட்டத்துக்கு வெளியே இருந்த கை, பை, ஜனம் எல்லாவற்றையும் வெட்டினான். வெறும் முகம் மட்டும் திரையில் நின்றது.

“முகம் மட்டும் போதும்லே,” என்றான். “பின்னால கூட்டம் இருந்தா பிள்ள தெரியாது.”

“ஒனக்குத் தெரியாததா,” என்றான் எபனேசர். அவன் கடற்கரையின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளைபோல அழுதான்.

அன்று முழுக்க எபனேசர் கடையைவிட்டு நகரவில்லை. போஸ்டர் வர வர வாலிபர்கள் செங்கோட்டைக்கும் ஆய்க்குடிக்கும் புளியறைக்கும் பைக்கில் கொண்டுபோய் ஒட்டினார்கள். எபனேசர் எழுந்து போன பிறகுதான் கடற்கரை கடையைப் பூட்டினான். வீட்டில் ஆவுடைத்தாய், “அந்தப் பிள்ள கிடைச்சுதா?” என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றான். அவள் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். கண்டுபிடித்துக் கையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

மறுநாள் விடிந்ததும் பைக்கை எடுத்தான். சாரல் முகத்தில் அடித்தது. புளியறையில் கேரளா போகிற லாரிகள் மூக்கோடு மூக்கு உரச நின்றன. வேல்சாமி அண்ணாச்சி கடையின் சுவரில் பெர்சிஸ் நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தாள். தன் கையால் அடித்த போஸ்டரைக் கடற்கரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“வாங்க கடற்கரை,” என்றார் அண்ணாச்சி, மாவு பிசைந்த கையோடு. “என்ன காலையிலேயே இந்தப் பக்கம்?”

“ஒரு அம்மா அருவியில ஒரு பொருள விட்டுட்டுப் போயிட்டாவ அண்ணாச்சி. நம்ம வயலட் பைதான் வச்சிருந்தாவ. கையில தீக்காயத் தழும்பு. இங்கன யாரும் அப்படி இருக்காவளா?”

“நம்ம ஸ்ரீதேவில்லா. பாத்திரம் தேய்க்க வருதவ. கல்யாணத்துல மிஞ்சின பைய நாந்தான் குடுத்தேன்.” அண்ணாச்சி மாவை ஓங்கி அடித்தார். “நேத்து பூரா இந்த வாசல்லதான உக்காந்து தேச்சுக்கிட்டிருந்தா. இன்னைக்கு லீவு. அண்ணன் பிள்ள வந்திருக்காம், ஊருக்கு அனுப்பணும்னா.”

நேற்று பூராவும் இந்த வாசலில். எதிரே செக்போஸ்ட். பத்தடியில் போலீஸ்.

“வீடு எங்கன அண்ணாச்சி?”

“ரயில் பாதைக்கு இந்தாண்ட, தென்னந்தோப்புக்குள்ள வரிசையா ஷீட்டு போட்ட ரூம் இருக்கும். கடேசி ரூம். அங்கன அலிமான்னு ஒரு பிள்ள இருக்கும், அதுட்டக் கேட்டா காட்டும்.”

யாரையும் கேட்கவில்லை. கடைசி ரூமின் தகரக் கதவு வெளியே பூட்டியிருந்தது. காதை வைத்துக் கேட்டான். உள்ளே யாரோ இருமுகிற சத்தம், சின்னத் தொண்டை. மீனாவுக்குச் சாரல் காலத்தில் இப்படித்தான் இருமல் வரும். வாசலில் கிடந்த கல்லை எடுத்து நாதாங்கியை நாலு அடி அடித்தான். துருப்பிடித்த ஆணி பிய்த்துக்கொண்டு வந்தது.

பாயில் ஒரு பையன் சுருண்டு கிடந்தான். அரை டவுசர், ஒட்ட வெட்டிய முடி. கடற்கரை பக்கத்தில் மண்டியிட்டு முகத்தைத் திருப்பினான். பையன் இல்லை. பெர்சிஸ். தலைமாட்டில் இருமல் மருந்து பாட்டில் காலியாகக் கிடந்தது. கண்ணைப் பாதிதான் திறக்க முடிந்தது அவளால்.

அவன் அடுப்படியைப் பார்த்தான். குளியலறை என்று சாக்குக் கட்டியிருந்த மூலையைப் பார்த்தான். துணி மூட்டையைக்கூடப் பிரித்துப் பார்த்தான். மீனாவுக்கு இப்போது ஒன்பது வயது, மூட்டைக்குள் இருக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் கை தேடியது அந்த ஐந்து வயசுப் பிள்ளையைத்தான். ஒருவரும் இல்லை. திரும்பிப் பாயைப் பார்த்தபோது, மீனாவாக இல்லாமல் போனதற்காக அந்தப் பிள்ளைமேல் அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது.

“இங்கன வேற பிள்ள இருந்துச்சா? கொஞ்சம் பெரிய பிள்ள? மீனான்னு?”

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. “அந்த அத்த வண்டி கூட்டிட்டு வரப் போயிருக்கு மாமா. என்னைய ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போவுமாம்.”

வண்டி வரப் போகிறது. கடற்கரை உட்கார்ந்து யோசித்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்போதே போய்விடலாம். போனால், உடைந்த நாதாங்கியைப் பார்த்ததுமே அவள் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிடுவாள். மீனா எங்கே என்று கேட்க உலகத்தில் வேறு ஆள் கிடையாது. இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு இங்கேயே காத்திருக்கலாம். பிள்ளை இருந்தால் அவள் உள்ளே வருவாள். வந்ததும் கழுத்தைப் பிடிக்கலாம். கூட ஆள் வந்தால்? இவன் ஒருத்தன். அடித்துப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிப் போய்விட்டால்?

போனால் எபனேசர் பிள்ளைதானே போகும்.

அந்த நினைப்பு வந்ததற்கு அவன் வெட்கப்படவில்லை. கதவைச் சாத்தி, கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தான். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எபனேசர். பெயரைப் பார்த்தான், எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

பெர்சிஸ் தவழ்ந்து வந்து அவன் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். “மாமா, அம்மாட்டச் சொல்லாதீங்க.”

“என்னத்த?”

“அப்பாதான் என்னைய அந்த அத்தகிட்டக் குடுத்தாங்கன்னு. சொன்னா அம்மா அப்பாவ ஏசுவாங்க. நானாப் போனேன்னு சொல்லுங்க.”

கடற்கரை கல்லைக் கீழே வைத்தான். மீனாவும் எங்கோ ஒரு பூட்டிய அறையில் இருந்துகொண்டு, யாரிடமாவது, எங்க அப்பாவ ஏசாதீங்க என்று சொல்லியிருப்பாளோ? அன்றைக்கு அவள் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தார்களா? கையில் கல்லை வைத்துக்கொண்டு, தன் கணக்கைப் பார்த்துக்கொண்டு, அவளைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார்களா? அதற்கு மேல் அவனால் யோசிக்க முடியவில்லை. பெர்சிஸைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தான்.

தோப்புப் பாதையில் அவள் வந்துகொண்டிருந்தாள். கையில் பரோட்டா பார்சல். அவளுக்குப் பின்னால் ஒரு வெள்ளை ஆம்னி வேன் ஊர்ந்து வந்தது. உடைந்த கதவையும் இவனையும் பார்த்த டிரைவர் அந்தக் கணமே ரிவர்ஸ் எடுத்தான். சக்கரம் ஈர மண்ணை வாரி அடித்தது. அவள் மட்டும் நடுவில் நின்றுவிட்டாள். பத்தடிதான் இருக்கும்.

“மீனா எங்கட்டி?” என்றான் கடற்கரை. குரல் அவன் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

“எந்த மீனா?”

“நாலு வருசத்துக்கு முன்ன. பேரருவியில. தண்ணி பெருகின அன்னைக்கி. மஞ்சப் பாவாட கட்டியிருந்தா. நாந்தான் ஒங்கிட்டக் குடுத்தேன்.”

அவள் மழுப்பவில்லை. நிஜமாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். பிறகு, அவளுக்கு நினைவு வரவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. எத்தனை பிள்ளையை வாங்கியிருந்தால் ஒரு பிள்ளை நினைவில் நிற்காது? பார்சலைப் போட்டுவிட்டு ரயில் பாதைப் பக்கம் ஓட ஆரம்பித்தாள்.

பிடித்துவிடலாம். நைட்டி தடுக்கித் தடுக்கித்தான் ஓடினாள். ஆனால் தோளில் பிள்ளை. கீழே விட்டால் நிற்கக்கூடத் தெம்பில்லாத பிள்ளை.

சத்தம் கேட்டுப் பக்கத்து ரூமிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். அலிமாவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓடி வந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

“பிள்ளைய எங்கிட்டக் குடுங்கண்ணே. நான் பாத்துக்கிடுதேன். நீங்க அவளப் பிடிங்க.”

நல்ல முகம். தாய்மை தெரிகிற முகம். கடற்கரை அந்தக் கைகளைப் பார்த்தான். தோப்பின் முடிவில் அந்த நைட்டி சின்னதாகிக்கொண்டே போனது. அவள்தான் மீனா. அவள் நாக்கில்தான் மீனா இருக்கிற ஊர் இருக்கிறது, வீடு இருக்கிறது, இப்போது மீனாவைக் கூப்பிடுகிற பெயர்கூட இருக்கலாம். கொடு, கொடுத்துவிட்டு ஓடு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. “குடுங்கண்ணே, போயிருவா,” என்றாள் அலிமா மறுபடி.

அவன் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். “இல்லம்மா,” என்றான். “குடுக்க மாட்டேன்.”

ஸ்ரீதேவி தண்டவாளத்தைத் தாண்டுவதை நின்று பார்த்தான். அலிமா பாவம், நல்லவள்தான். பின்னால் வந்த போலீசுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தது அவள்தான்.

எபனேசரின் அடுத்த அழைப்பை எடுத்தான். “கிடைச்சுட்டா. புளியறை. வா,” என்றான். முதலில் போலீஸ் ஜீப்தான் வந்தது. எஸ்.ஐ. ஸ்ரீவித்யா பிள்ளையை வாங்கக் கையை நீட்டினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார், நைச்சியமாகச் சொன்னார், பிறகு அதட்டினார். அவங்க அப்பா வரட்டும் என்பதைத் தவிர கடற்கரையிடமிருந்து வேறு பேச்சு வரவில்லை.

எபனேசர் வந்தான். பைக்கை ஸ்டாண்டு போடாமலே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். கடற்கரை பிள்ளையைக் கொடுத்தான். ஒட்ட வெட்டிய அந்தத் தலையில் எபனேசர் முகத்தை வைத்துத் தேய்த்தான். அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையும் இல்லை சிரிப்பும் இல்லை. கடற்கரை பார்த்துக்கொண்டு நின்றான். கை காலியாக இருந்தது. இந்தச் சத்தத்தை ஒரே ஒரு தரம் தானும் போட வேண்டும் என்ற ஆசையில் பொறாமை நெஞ்சை அடைத்தது.

“அவளை முன்னமே தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டார் எஸ்.ஐ. “இங்கே எப்படி வந்தீங்க?”

அவன் மீனா போன கதையைச் சொல்லி, போனில் வைத்திருந்த முழுப் படத்தையும் காட்டினான். தழும்புக் கை, வயலட் பை. எஸ்.ஐ. நெடுநேரம் பார்த்தார். “நேத்துக் காலையிலயே இது கையில இருந்ததா?” என்றார். “நேத்து பூரா அவ அந்த ஓட்டல் வாசல்லதான் இருந்திருக்கா. எங்க ஆளுங்க பத்துப் பேர் எதிர்ல நின்னாங்க. காட்டியிருந்தீங்கன்னா பாத்திரம் தேய்க்கிற இடத்துலயே பிடிச்சிருப்போம். உங்க பொண்ணு எங்கேன்னு நேத்தே கேட்டிருக்கலாம்.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. படத்தில் வெட்டி எறிந்தது எபனேசரின் ஒரு ராத்திரித் தூக்கத்தை மட்டும்தான் என்று கடற்கரை நினைத்திருந்தான்.

எபனேசர் போனை வாங்கிப் பார்த்தான். தன் மகளின் நாக்கு, பின்னால் அந்தக் கை. “முகம் மட்டும் போதும்னியே,” என்றான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினான்.

கடற்கரை கடைக்குத்தான் வந்தான். அதே படத்தைத் திறந்தான். இந்தத் தடவை கட்டத்தை மாற்றிப் போட்டான். பெர்சிஸை வெட்டினான். கையும் பையும் திருப்பிய தலையும் மட்டும் நின்றன. பக்கத்தில் மீனாவின் படம், ஐந்து வயசுப் படம். அவனிடம் அதுதான் இருந்தது.

நாலு வருஷமாகக் கடைப் படியை மிதிக்காத ஆவுடைத்தாய் வந்து நின்றாள். ஊர்ப் பேச்சு அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தது.

“தண்ணியில போகலையா?” என்று கேட்டாள்.

“போகல.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். திரையில் மகளைப் பார்த்தாள். “அவ கைக்கெட்டுற தூரத்துல நின்னாளாம். அந்தப் பிள்ளைய யாருட்டயும் குடுக்க மாட்டேன்னு நின்னீகளாம்.”

“ஆமா.”

“அன்னைக்குக் குடுத்திருக்கக் கூடாதுங்க,” என்றாள் ஆவுடைத்தாய். நாலு வருஷம் கழித்துச் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கடற்கரையும் அழுதான். போஸ்டர் ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்துகொண்டிருந்தது.

வெயில் தாழ, எபனேசர் வந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருக்கிறான். தோளில் பெர்சிஸ் தூங்கிக்கொண்டிருந்தாள். கடற்கரையின் முகத்தைப் பார்க்காமல் போஸ்டர் கட்டைப் பார்த்தான்.

“ஒன்ன மன்னிக்க எனக்கு மனசு வரலலே,” என்றான். “இனி வருமான்னும் தெரியல. பசை வாளி எங்க இருக்கு?”

கடற்கரை எடுத்துக் கொடுத்தான். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஆரம்பித்தார்கள். எபனேசர் ஒரு கையால் பசையைத் தேய்த்தான், ஒரு கையால் போஸ்டரை அழுத்தினான்; அதே கைதான், மாற்றி மாற்றி. இன்னொரு கை பிள்ளையைப் பிடித்திருந்தது. போஸ்டர் கோணலாக ஒட்டியது, பசை சட்டையில் வழிந்தது. பிள்ளையை இறக்கிவிட இடம் இருந்தது, ஆள் இருந்தது. அவன் யாரிடமும் கொடுக்கவில்லை. நான் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கடற்கரையும் கேட்கவில்லை. கீழே தொங்கிய மீனாவின் ஓரத்தை இழுத்துப் பிடித்து, உள்ளங்கையால் நீவி ஒட்டினான்.